கையும் செவியும்: கிதார் இசைக்குறியீட்டு வரலாற்றில் ஒலிநிறத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

கிதார் இசையின் ஒலிநிற வளம் 20ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களின் கண்டுபிடிப்பு என்னும் கருத்து பொதுவாக நிலவுகிறது. அக்கருத்தை இக்கட்டுரை குறியீட்டு வரலாற்றின் துணைகொண்டு மறுஆய்வு செய்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வழங்கிய விரலிடக் குறியீடு கை செல்ல வேண்டிய இடத்தை எழுதியது. 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பரவிய ஐங்கோட்டுக் குறியீடு செவி கேட்க வேண்டிய சுரத்தை எழுதியது. இம்மாற்றத்தில் கம்பியின் இடம் ஏட்டிலிருந்து நீங்கியது. அதனோடு ஒலிநிறத்தின் ஒரு பகுதியும் இசையமைப்பாளரின் பொறுப்பிலிருந்து இசைப்பவரின் பொறுப்புக்கு நகர்ந்தது. பிற்காலக் குறியீட்டுப் புதுமைகள் பலவும் இவ்வாறு நீங்கியதை மீட்கும் முயற்சிகளே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கிதார், விஹுவேலா, விரலிடக் குறியீடு, ஐங்கோட்டுக் குறியீடு, ஒலிநிறம், காம்பனெலா, விரற்குறிப்பு.

முன்னுரை

பியானோவில் ஒரு சுரத்திற்கு ஒரு கட்டைதான் உண்டு. ஏட்டில் சுரம் குறிக்கப்பட்டதும் விரல் செல்ல வேண்டிய இடம் ஐயமின்றி முடிவாகிவிடுகிறது. கிதாரின் நிலை வேறு. அதன் முதற்கம்பியை எங்கும் அழுத்தாது மீட்டும்போது எழும் சுரம், இரண்டாம் கம்பியின் 5ஆம் மெட்டிலும், மூன்றாம் கம்பியின் 9ஆம் மெட்டிலும், நான்காம் கம்பியின் 14ஆம் மெட்டிலும், ஐந்தாம் கம்பியின் 19ஆம் மெட்டிலும் அதே சுரநிலையில் கிடைக்கும். வீணையோடு பழகியோர்க்கு இது புதிதன்று. சுரநிலை ஒன்றேயாயினும் இவ்வைந்து ஒலிகளும் ஒன்றல்ல. மெல்லிய வெறுங்கம்பி தெளிந்து நீளும். தடித்த கம்பியின் உயர் மெட்டில் எழுவது இருண்டு, விரைவில் அடங்கும். சுரநிலையும் வலிமையும் ஒத்த இரண்டு ஒலிகளைச் செவி வேறுபடுத்தி அறியக் காரணமான இப்பண்பையே இக்கட்டுரை ஒலிநிறம் என்னும் சொல்லால் குறிக்கிறது.

கிதாருக்கு இசை எழுதுவோர் சுரத்தை மட்டும் எழுதினால் ஒலிநிறத்தைப் பாதியே எழுதியவராகின்றனர். எஞ்சிய பாதியை எழுதும் பொறுப்பு யாருடையது? இசையமைப்பாளருடையதா, பதிப்பாசிரியருடையதா, இசைப்பவருடையதா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடையளித்துள்ளது. அவ்விடைகளை நூல்களின் முன்னுரைகளில் மட்டும் தேடினால் போதாது. குறியீட்டு முறைகளிலும் தேட வேண்டும். ஒரு குறியீடு எதை எழுதுகிறது, எதை எழுதாது விடுகிறது என்பதை நோக்கினால், அக்காலம் எதை இசையாக்கத்தின் உள்ளே வைத்தது, எதை வெளியே வைத்தது என்பது புலனாகும்.

ஒலிநிறம் பிறக்கும் இடங்கள்

கிதாரின் ஒலிநிறம் இரு கைகளிலும் பிறக்கிறது. எந்தக் கம்பியில் எந்த மெட்டை அழுத்துவது என்பதை இடக்கை முடிவு செய்கிறது. கம்பியை எவ்விடத்தில், நகத்தாலா விரல்நுனித் தசையாலா, எக்கோணத்தில் மீட்டுவது என்பது வலக்கையின் பொறுப்பு. இயற்பியல் நோக்கில் இரண்டாவதன் விளைவு தெளிவானது. கம்பியின் நடுவே மீட்டினால் இரட்டை எண் வரிசையிலுள்ள சீரிசைகள் எழுவதில்லை. ஒலி உருண்டு மென்மையாகக் கேட்கும். குதிரையை நெருங்கி மீட்டும்போது உயர் சீரிசைகள் ஒப்பளவில் மிகுந்து, ஒலி கூர்மையும் உலோகத் தன்மையும் பெறும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஒரு சுரம் அடுத்த சுரத்தோடு கொள்ளும் உறவு. ஒரே கம்பியில் இரண்டு சுரங்கள் அடுத்தடுத்து வந்தால், இரண்டாவது தோன்றும் கணத்தில் முதலாவது மறைந்தாக வேண்டும். இரு கம்பிகளில் வந்தால் முதலாவதன் ஒலி இரண்டாவதன் மீது படிந்து நீடிக்கும். எனவே ஒரு மெல்லிசை வரியின் நிறம் அதன் சுரங்கள் எத்தனை கம்பிகளில் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளன என்பதையும் பொறுத்தது.

கையின் குறியீடு

விரலிடக் குறியீட்டில் கோடுகள் கம்பிகளைக் குறிக்கும். கோட்டின் மீதுள்ள எண்ணோ எழுத்தோ அழுத்த வேண்டிய மெட்டைச் சுட்டும். மேலே நிற்கும் குறிகள் எப்போது மீட்டுவது என்பதைச் சொல்லும். ஒலி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும், எச்சுரம் எக்குரலுக்குரியது என்பன இதில் எழுதப்படுவதில்லை. ஆனால் இடக்கையின் இடம் முழுமையாக எழுதப்படுகிறது.

அலோன்சோ முதார்ரா 1546இல் செவில் நகரில் வெளியிட்ட மூன்று இசைநூல்களின் தொகுப்பு கிதார் வரலாற்றில் தனியிடம் பெறுவது. நான்கு கம்பி இணைகள் கொண்ட அன்றைய கிதாருக்கான இசை முதன்முதலில் அச்சேறியது இத்தொகுப்பில்தான். ஆயினும் ஒலிநிற ஆய்வுக்கு அதைவிட முக்கியமானது, ஆறு இணைகள் கொண்ட விஹுவேலாவுக்காக அவர் எழுதிய ஒரு ஃபந்தாசியா. லுடோவிகோ என்னும் கலைஞர் ஹார்ப் என்னும் யாழ்வகையை இசைத்த முறையைப் போலச் செய்வது அது என்று அதன் தலைப்பே அறிவிக்கிறது. ஹார்ப்பில் ஒவ்வொரு சுரத்திற்கும் தனிக்கம்பி உண்டு. ஒலித்த சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நீடிக்கும். அடுத்தடுத்த சுரங்களை ஒரே கம்பியில் வைக்காது அண்டைக் கம்பிகளில் மாற்றி மாற்றி வைத்து முதார்ரா அதை விஹுவேலாவில் உண்டாக்குகிறார். இறுதிப் பகுதியில் பிழைபோலத் தோன்றும் சில சுரங்கள் வரும் என்றும், நன்கு இசைத்தால் அவை செவிக்குக் கெடுதியாகா என்றும் ஏட்டிலேயே குறிப்பெழுதியுள்ளார். இவ்விசையில் ஒலிநிறமே கருப்பொருள். அதை எழுதும் கருவி விரலிடக் குறியீடு.

1606இல் ஃபிளாரன்சில் ஜிரோலாமோ மொந்தெசார்தோ வெளியிட்ட நூல் மற்றொரு வழியைக் காட்டுகிறது. அல்ஃபபெத்தோ எனப்பட்ட அம்முறையில் ஓர் எழுத்து ஒரு சுரக்கூட்டைக் குறிக்கும். ஆனால் அவ்வெழுத்து சுரத்தின் பெயரன்று; 'ஏ' என்னும் எழுத்து இன்று 'ஜி மேஜர்' என வழங்கும் சுரக்கூட்டைக் குறித்தது. அது ஒரு கைவடிவத்தின் பெயர். கம்பிகளை மேலிருந்தும் கீழிருந்தும் வருடும் திசை சிறு கோடுகளால் காட்டப்பட்டது. இவ்வாறு வலக்கையின் செயலும் ஓரளவு ஏட்டில் இடம்பெற்றது.

இம்மரபின் உச்சத்தை கஸ்பார் சான்ஸின் நூலில் காணலாம். 1674இல் சரகோசாவில் வெளிவந்த இந்நூல் ஐந்து இணைகள் கொண்ட கிதாருக்கு உரியது. கம்பி பூட்டும் முறையையே சான்ஸ் ஒலிநிறத் தேர்வாக விளக்குகிறார். முழக்கமான வருடலிசைக்கு நான்காம், ஐந்தாம் இணைகளில் தடித்த மந்தரக் கம்பிகள் ஏற்றவை. விரலால் தனித்தனியே மீட்டும் நுண்ணிசைக்கு, உரோமில் தாம் கண்டதுபோல், எல்லாம் மெல்லிய கம்பிகளாக இருத்தல் நலம் என்கிறார். மெல்லிய கம்பிகள் பூட்டினால் ஐந்தாம் இணையும் நான்காம் இணையும் ஒரு ஸ்தாயி உயர்ந்துவிடும். அப்போது வெறுங்கம்பிகளின் ஏறுவரிசை மூன்றாம், ஐந்தாம், இரண்டாம், நான்காம், முதல் இணை என்று அமைகிறது. மூன்றாம் இணையின் சுரத்தைச் சட்சமாகக் கொண்டால் ச, ரி, க, ப, த என மோகனத்தின் ஐந்து சுரங்களும் ஐந்து வெவ்வேறு கம்பிகளில் கிடைக்கும். ஏறும் வரி ஒவ்வொரு சுரத்திற்கும் கம்பி மாற, சுரங்கள் மணியோசை போல ஒன்றன்மீது ஒன்று படியும். சிறு மணி எனப் பொருள்படும் 'காம்பனெலா' என்னும் பெயர் இந்த உத்திக்கு வழங்கியது இதனாலேயே.

இடமா, சுரமா?

சான்ஸின் காம்பனெலாப் பகுதியை இன்றைய ஆறு கம்பிக் கிதாருக்காக ஐங்கோட்டுக் குறியீட்டில் பெயர்த்தெழுதும் பதிப்பாசிரியர் ஓர் இக்கட்டை எதிர்கொள்கிறார். இன்றைய கிதாரில் நான்காம், ஐந்தாம் கம்பிகள் மந்தரமானவை. ஏட்டிலுள்ள இடத்தை அப்படியே காத்தால் படிப்படியாக ஏறும் வரி, நடுநடுவே ஒரு ஸ்தாயி கீழே விழுந்து சிதைகிறது. சுரத்தைக் காத்தால் அதை மேற்கம்பிகளுக்கு மாற்றியாக வேண்டும். அப்போது பல சுரங்கள் ஒரே கம்பியில் வந்து ஒன்றையொன்று அணைத்துவிடுகின்றன. வரி மிஞ்சுகிறது, மணியோசை மறைகிறது. பெயர்ப்பில் சுரங்கள் யாவும் சரியாக இருந்தும் இசையாக்கத்தின் நோக்கம் அதில் இல்லாமற்போகிறது. இத்தகைய பெயர்ப்பை மட்டும் மூலமாகக் கொண்டு சான்ஸை ஆராய்வோர்க்கு அவருடைய வரிகள் எளிய ஏறுவரிசைகளாகவே தோன்றும்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். விரலிடக் குறியீடு ஒவ்வொரு சுரத்திற்கும் இடம் குறித்தே தீர வேண்டிய முறை. எனவே குறிக்கப்பட்ட இடமெல்லாம் ஒலிநிறம் கருதியதாகுமா? ஆகாது. கைக்கு எளிதான இடம் என்பதற்காகவே பல சுரங்கள் தம் இடத்தைப் பெற்றிருக்கும். எனவே ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. எளிதான இடம் அருகிலிருக்க, இசையமைப்பாளர் அதைத் தவிர்த்து அரிதான இடத்தைத் தேர்ந்திருந்தால் மட்டுமே அதை ஒலிநிறத் தேர்வுக்கான சான்றாகக் கொள்ளலாம். முதார்ராவின் ஃபந்தாசியாவும் சான்ஸின் காம்பனெலாக்களும் இவ்வளவுகோலில் தேறுகின்றன. முன்னதற்குத் தலைப்பும் பின்னதற்கு உரைநடை விளக்கமும் கூடுதல் சான்றுகள்.

இக்குறியீட்டின் குறைகளையும் மறைத்தற்கில்லை. குதிரைக்கு எவ்வளவு அருகில் மீட்டுவது என்பதை அது சொல்வதில்லை. எந்த ஸ்தாயியில் கம்பிகள் பூட்டப்பட்டன என்பதும் கோடுகளில் இல்லை. உரைநடையில் சொல்லப்படாவிடின் இடம் தெரிந்தும் சுரம் தெரியாது. எனவே விரலிடக் குறியீடு ஒலிநிறத்தை முழுமையாக எழுதியது என்று கூறுதல் மிகையாகும். இடக்கையைச் சார்ந்த ஒலிநிறத்தை அது இசையாக்கத்தின் உள்ளே வைத்திருந்தது என்று கூறுவதே பொருந்தும்.

செவியின் குறியீடு

18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கிதார் இசை ஐங்கோட்டுக் குறியீட்டுக்கு மாறியது. அதே காலப்பகுதியில் கருவியும் மாறியது. ஐந்து இணைகள் நீங்கி ஆறு தனிக்கம்பிகள் நிலைபெறலாயின. வயலினுக்கும் குரலுக்கும் வழங்கிய அதே உச்சக்குறியில் கிதாருக்கும் எழுதப்பட்டது; ஒலிப்பது எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே. இதனால் கிதார் ஏடு பிற இசைஞர் படிக்கத்தக்க பொதுமொழியை அடைந்தது. குரல்களைப் பிரித்து எழுதவும் முடிந்தது. ஆறு இணைக் கிதாருக்கான பெதெரிகோ மொரெத்தியின் நூல் 1799இல் மாட்ரிட்டில் வெளிவந்தது. குரல்களைத் தெளிவாகப் பிரித்தெழுதும் நெறியில் மொரெத்தி காட்டிய வழியை ஃபெர்னாண்டோ சோர் நன்றியோடு ஏற்றுள்ளார். சோரின் பல்குரல் இசை விரலிடக் குறியீட்டில் இவ்வளவு தெளிவாக வெளிப்பட்டிருக்க இயலாது. ஆகவே இம்மாற்றத்தை இழப்பு என்று மட்டும் கருதுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

எனினும் இழப்பு இழப்பே. இழந்ததை சோர் அறிந்திருந்தார் என்பதற்கு 1830இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய பயிற்சிநூல் சான்று. வலக்கையின் வழக்கமான இடம் குதிரையிலிருந்து கம்பி நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தொலைவு என அவர் வரையறுக்கிறார், 650 மி.மீ. நீளமுள்ள இன்றைய கம்பியில் இது 65 மி.மீ. ஆகும். கொம்பு, எக்காளம், ஓபோ, ஹார்ப் முதலிய கருவிகளைக் கிதாரில் போலச் செய்யும் வழிகளையும் விரித்துரைக்கிறார். நகத்தைத் தவிர்த்த அவர், ஓபோவின் மூக்கொலிக்காக மட்டும் குதிரையருகே சிறிதளவு நகத்தைப் பயன்படுத்தினார். இவற்றினும் ஆழமானது அவர் கூறும் ஒரு கருத்து: ஒலியின் தன்மை மட்டும் போலச் செய்தலுக்குப் போதாது, அக்கருவிக்கு எழுதுவதுபோலவே இசைவரியும் அமைந்திருக்க வேண்டும். ஒலிநிறம் இசைத்த பின் பூசப்படும் வண்ணம் அன்று, எழுதும்போதே தொடங்குவது என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

ஆனால் இவையனைத்தும் பயிற்சிநூலின் உரைநடையில் உள்ளன. அவருடைய இசை ஏடுகள் பெரும்பாலும் சுரத்தையும் கால அளவையும் மட்டுமே தாங்கி நிற்கின்றன. அன்று இது பெருங்குறையாக உணரப்படாததற்குக் காரணம் உண்டு. எழுதியவரும் கிதார்க் கலைஞர். வாங்கி இசைத்தவரும் அதே கைப்பழக்கத்தில் பயின்றவர். ஏடு சொல்லாததைப் பழக்கம் நிரப்பியது. கிதார் இசைக்கத் தெரியாதவர் அதற்கு நன்றாக எழுதுதல் ஏறக்குறைய இயலாதது என்று பெர்லியோஸ் 1844இல் வெளிவந்த தம் இசைக்கருவியியல் நூலில் கூறியது இந்நிலையையே காட்டுகிறது. தேவையான அறிவு ஏட்டில் இல்லை, கையில் இருந்தது.

பதிப்பாசிரியரின் கை

20ஆம் நூற்றாண்டில் இவ்வமைதி குலைந்தது. கிதார் இசைக்காத இசையமைப்பாளர்கள் கிதாருக்கு எழுதத் தொடங்கினர். மிகேல் யோபெத்தின் வேண்டுகோளால் மனுவேல் தெ ஃபாயா 1920இல் தெபுசியின் நினைவாக எழுதிய அஞ்சலி இதன் தொடக்கத்தில் நிற்கிறது. கிதாருக்கென அவர் எழுதிய ஒரே தனியிசை அதுவே. பின்னர் துரீனா, பொன்சே, காஸ்தெல்நுவோ-தெதெஸ்கோ முதலியோர் அந்த்ரெஸ் செகோவியாவுக்காக எழுதினர். சுரத்தை இசையமைப்பாளர் எழுத, வட்டத்துள் நின்று கம்பியைக் காட்டும் எண்ணையும் விரலைக் காட்டும் எண்ணையும் செகோவியா இட்டார். ஒலிநிறத்தின் பெரும்பகுதி பதிப்பாசிரியரின் கையால் எழுதப்பட்டது. இப்பதிப்புகளில் கேட்கும் நிறத்தை இசையமைப்பாளரின் பாணி என்று எழுதும் ஆய்வாளர் கவனம் கொள்ள வேண்டிய இடம் இது.

ஹெய்த்தோர் வில்லா-லோபோஸின் 12 பயிற்சியிசைகள் இச்சிக்கலின் கூர்மையான எடுத்துக்காட்டு. அவர் தாமே கிதார் இசைத்தவர். முதல் பயிற்சியிசையில் ஒரே கைவடிவம் மெட்டு மெட்டாகக் கீழிறங்க, வெறுங்கம்பி மாறாது ஒலிக்கிறது. விரலிடக் குறியீட்டில் எழுதினால் ஒரே பார்வையில் விளங்கும் இவ்வமைப்பு, ஐங்கோட்டில் எழுதும்போது சிக்கலான திரிபுக்குறிகளின் வரிசையாகத் தோன்றுகிறது. கை அறிந்த எளிமையைச் செவியின் குறியீடு மறைத்துவிடுகிறது. இவை அச்சேறியது 1953இல், செகோவியாவின் முன்னுரையோடு. வில்லா-லோபோஸ் ஒரு கம்பியைத் தேர்ந்திருந்தால், கூடுதல் உழைப்பு வேண்டினும் அதை அப்படியே பின்பற்ற வேண்டும். ஆதலின் அவர் இட்ட விரற்குறிப்புகளைத் தாம் மாற்ற விரும்பவில்லை என்று செகோவியா அதில் எழுதினார். ஆனால் 1928ஆம் ஆண்டின் கையெழுத்துப் படியில் நிறைந்துள்ள ஆசிரியரின் விரற்குறிப்புகளில் பல அச்சுப் பதிப்பில் இல்லை. பின்பற்றப்பட வேண்டியது என்று முன்னுரை வற்புறுத்திய செய்தியே ஏட்டில் இல்லாது போயிற்று. சுரம் மூலபாடம், விரற்குறிப்பு துணைக்குறிப்பு என்னும் ஐங்கோட்டு மரபின் படிநிலை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

செயலை எழுதுதல்

1970கள் முதல் இப்படிநிலை வெளிப்படையாகவே கேள்விக்குள்ளாகியது. லியோ ப்ரூவரின் 'முடிவிலாச் சுருள்' என்னும் 1971ஆம் ஆண்டு ஆக்கத்தில் சுரநிலை திட்டமாகக் குறிக்கப்படாத பகுதிகள் வரைகுறிகளால் எழுதப்பட்டன. அல்பெர்த்தோ ஹினாஸ்தெராவின் 1976ஆம் ஆண்டு சொனாட்டாவில் தட்டொலிகளும் கம்பி நெடுக விரலை இழுத்து எழுப்பும் சீழ்க்கையொலியும் தமக்கெனக் குறிகளைப் பெற்றன. எலியட் ஃபிஸ்க்குக்காக லூச்சானோ பெரியோ எழுதிய 11ஆம் செகுவென்சா (1988), ஃபிளமென்கோ வருடலையும் செவ்வியல் மீட்டலையும் ஒரே ஏட்டில் இணைத்தது.

இவற்றில் பெரும்பாலானவை ஐங்கோட்டை அடித்தளமாக வைத்துக்கொண்டு அதன்மேல் குறிகளைச் சேர்த்தன. ஹெல்முட் லாக்கன்மான் அடித்தளத்தையே மாற்றினார். 1969இல் செல்லோவுக்கு எழுதிய 'பிரெசியோன்' என்னும் ஆக்கத்தில் சுரக்குறியின் இடத்தில் கருவியின் வரைபடத்தையே வைத்து, கை எவ்விடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதினார். இரு கிதார்க் கலைஞர்களுக்காக 1977இல் எழுதிய 'சல்யூட் ஃப்யூர் காட்வெல்' அந்நோக்கைக் கிதாருக்குக் கொணர்ந்தது. அடக்கிய கம்பிகளின் வருடல், கம்பிமேல் வழுக்கும் குழல் ஆகியவற்றோடு, கிறிஸ்டோபர் காட்வெலின் உரைப்பகுதியைக் கலைஞர்களே தாளத்தோடு பேசுவதும் இதில் இசையாகிறது. ஒலி எவ்வாறு உண்டாகிறது என்பதே இங்கு எழுதப்படும் பொருள். கேட்கும் சுரம் அதன் விளைவு.

லாக்கன்மான் சான்ஸைப் பின்பற்றினார் என்பது இதன் பொருளன்று. இருவரின் இசையுலகும் நோக்கமும் முற்றிலும் வேறு. ஆயினும் செயலை எழுதி விளைவை அதனிடம் விட்டுவிடும் தருக்கம் இரு குறியீடுகளுக்கும் பொதுவானது. இரண்டு நூற்றாண்டு காலம் ஏட்டின் விளிம்பில் நின்ற இடமும் செயலும் மீண்டும் ஏட்டின் நடுவே வந்தன.

முடிவுரை

இவ்வாய்வின்வழி மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, கிதாரின் ஒலிநிறம் இசையமைப்பாளரின் கருத்துக்குரிய பொருளாக 16ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டில் இடம்பெற்றிருந்தது. 20ஆம் நூற்றாண்டு அதை மீட்டு விரிவாக்கியது. இரண்டாவது, ஐங்கோட்டுக் குறியீட்டுக்கு மாறியது வெறும் எழுத்துமாற்றமன்று. குரல்தெளிவையும் கால அளவையும் பெற்று, இடத்தைக் கைவிட்ட ஒரு பரிமாற்றம் அது. மூன்றாவது, அப்பரிமாற்றத்தின் விளைவாக ஒலிநிறத்தின் ஆசிரியத்துவம் முதலில் கைப்பழக்கத்திடமும், பின் பதிப்பாசிரியரிடமும் சென்று, அண்மைக் காலத்தில் மீண்டும் இசையமைப்பாளரை அடைந்தது.

இவற்றிலிருந்து எழும் நடைமுறைத் தேவையும் உண்டு. பழைய கிதார் இசையை ஐங்கோட்டில் பதிப்பிக்கும்போது மூல விரலிடக் குறியீட்டையும் உடன் அச்சிடுதல் வேண்டும். நவீன இசையின் பதிப்புகளில் ஆசிரியர் இட்ட விரற்குறிப்பையும் பதிப்பாசிரியர் இட்டதையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும். சுவடியை அச்சுக்குக் கொணர்வோர் பாடவேறுபாட்டைக் காட்டத் தவறுவதில்லை. விரற்குறிப்பும் அத்தகைய பாடமே. வட்டத்துள் நிற்கும் அச்சிறு எண் நீங்கும்போது நூலின் ஒரு சொல் நீங்குகிறது.